இல்லறமும் வாணிகமும்

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்பது நம் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ஒருவனுடைய பொருள் வலிமையையும் ஆள் வலிமையையும் ஒருங்கே அளந்து காட்டுபவை இவ்விரு செயல்களும் என்பது அதன் கருத்து. பெண்ணைப் பெற்றவன் கையில் பணம் இருந்தால் மட்டும் அன்று போதாது. பந்தற்கால் நட இளைஞர் வேண்டும். பந்தியில் பரிமாறப் பங்காளிகள் வேண்டும். மணமகளுக்குத் தலைவாரிப் பூச்சூட்ட அத்தையும் பெரியம்மாளும் வேண்டும். சுற்றத்தைப் பகைத்துக்கொண்டவன் பணத்தை மடியில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்க நேரும்.

இன்று அந்தத் திகைப்புக்கு இடமில்லை. மண்டபம், அலங்காரம், சமையல், பரிமாறும் ஆட்கள், மணமகளுக்கு ஒப்பனை, நாதஸ்வரம், நிழற்படம், வாசலில் பன்னீர் தெளிக்கும் பெண்கள் வரை எல்லாவற்றையும் ஒரே விலையில் ஏற்று நடத்தித்தர நிறுவனங்கள் இருக்கின்றன. மணம் முடிந்து தனிக்குடித்தனம் தொடங்கிய பின்னும் இதே நிலைதான். சோறு உணவகத்திலிருந்து வருகிறது. துணி டோபிக் கடைக்குப் போகிறது. குழந்தையைக் காப்பகம் ஏற்கிறது. முதியவரை முதியோர் இல்லம் ஏற்கிறது. வீட்டைப் பணிப்பெண் கூட்டிப் பெருக்குகிறாள்.

இதனை வளர்ச்சி என மகிழ்வாரும் உளர். சீரழிவு என வருந்துவாரும் உளர். இரு திறத்தாரோடும் முழுமையாக உடன்பட என்னால் இயலவில்லை. அன்பினாலும் கடமையினாலும் செய்யப்பட்டு வந்தவை விலைக்கு வரும்போது நாம் இழப்பது யாது? பெறுவது யாது? எதனை விலைக்கு விடலாம், எதனை விடலாகாது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பண்டை மணவிழா

அகநானூற்றின் 86ஆம் பாடல் நல்லாவூர் கிழார் இயற்றியது. பழந்தமிழர் மணவிழா ஒன்றை அது நம் கண்முன் நிறுத்துகிறது. உளுந்து கலந்து சமைத்த உணவு வந்தவர்க்கெல்லாம் வழங்கப்படுகிறது. பந்தலின்கீழ்ப் புதுமணல் பரப்பியிருக்கிறார்கள். விளக்கேற்றி மாலைகள் தொங்கவிட்டிருக்கிறார்கள். திங்களும் உரோகிணியும் கூடிய நன்னாளின் விடியற்பொழுதில் முதுபெண்டிர் குடங்களைத் தலையில் சுமந்து வருகிறார்கள். மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் பூவும் நெல்லும் கலந்த நீரால் மணமகளை நீராட்டி வாழ்த்துகிறார்கள்.

அப்பாடலில் கூலிக்கு வந்தவர் என ஒருவரும் காட்டப்படவில்லை. குடம் சுமந்தவளும் நீர் வார்த்தவளும் அந்தக் குடும்பத்தோடு வாழ்நாள் முழுதும் முகம் பார்த்துப் பழகப் போகிறவர்கள். ஆகவே அவர்கள் வேலை செய்தவர்கள் மட்டும் அல்லர். அத்திருமணத்திற்குச் சான்றாக நின்றவர்களும் ஆவர். மக்களிடையே ஏமாற்றும் பிறழ்ச்சியும் தலைகாட்டியதால்தான் பெரியோர் மணச் சடங்கை வகுத்தனர் என்பது தொல்காப்பியர் தரும் விளக்கம். பலர் அறிய மணந்தவன் பலர் அறியக் கைவிடத் துணியமாட்டான். நாளைக்கு அந்த வீட்டில் அழுகுரல் கேட்டால், "நான் நீர் வார்த்த பெண் ஏன் அழுகிறாள்?" என்று படியேறி வந்து கேட்கும் உரிமை அம்முதியவளுக்கு உண்டு. பணம் பெற்று மேடையை அலங்கரித்தவருக்கு அவ்வுரிமையும் இல்லை. அந்தக் கவலையும் இல்லை. அவரை நாம் குறை சொல்லவும் முடியாது. பேசிய வேலையை அவர் செவ்வனே முடித்துவிட்டார்.

தோட்டத்துத் திருமணம்

1970களில், கோலசிலாங்கூர் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் நான் சிறுவனாக இருந்தபோது கண்ட திருமணங்களும் ஏறக்குறைய அகநானூற்றுத் திருமணங்களாகவே இருந்தன. வாழைமரம் வெட்டி வருவது இளைஞர் பொறுப்பு. முதல் நாள் இரவு முழுதும் லயத்துப் பெண்கள் காய்கறி நறுக்குவார்கள். அண்டாக்களும் பாய்களும் கோயிலிலிருந்து வரும். மொய் எழுதும் பொறுப்பு பெரும்பாலும் தமிழ்ப்பள்ளி ஆசிரியருடையது. அவருடைய கையெழுத்து அழகாக இருக்கும் என்பதோடு, அவர் எழுதிய கணக்கில் ஐயம் எழாது என்பதும் அதற்குக் காரணம்.

அந்த மொய்ப் புத்தகத்தை நாம் சற்று ஆழ்ந்து நோக்க வேண்டும். அதுவும் பணக்கணக்குத்தான். இன்னார் இவ்வளவு கொடுத்தார் என்பது அதில் தெளிவாக இருக்கும். ஆயினும் கடைக்காரர் கணக்குக்கும் அதற்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது. அவர் யாரோ, நாம் யாரோ. மொய்க் கணக்கோ தீர்வதே இல்லை. ஐந்து வெள்ளி வாங்கியவர் அடுத்த வீட்டுத் திருமணத்தில் ஐந்துக்குமேல் வைத்துத் திருப்புவார். அவர் பின்னர் இவருக்குத் திருப்புவார். பத்து வெள்ளி கொடுக்க எண்ணியவரும் ஒன்று சேர்த்துப் பதினொன்றாகவே கொடுப்பார். சுழியில் முடிந்தால் உறவும் முடிந்துபோகும், ஒன்று கூடினால் தொடரும் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பணத்தின் இயல்பு கணக்கை முடித்து வைப்பது. உறவின் இயல்பு கணக்கைத் தொடர்ந்து வைத்திருப்பது. இவ்வொன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் வாணிகம் இல்லறத்துள் நுழையும்போது என்ன நேர்கிறது என்பது எளிதில் விளங்கும்.

விலைக்கு வந்த மணவிழா

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது, அங்கு வாழ்ந்தவர்கள் நகர்ப்புறத்து அடுக்கு வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். இரவு முழுதும் காய் நறுக்கிய பெண்கள் பத்துத் திசைகளுக்குச் சிதறினர். அடுக்கு வீட்டின் நடைபாதையில் பந்தலும் போட முடியாது. அடுப்பும் மூட்ட முடியாது. எனவே மண்டபமும் கூலிச் சமையலும் ஆடம்பரத்தால் மட்டும் வந்தன என்று பழிப்பது நேர்மையாகாது. பாதி தேவையால் வந்தவை அவை.

மற்றப் பாதிதான் நம்மை வருத்துவது. தேவை நின்ற இடத்தில் போட்டி தொடங்கிவிட்டது. அண்டை வீட்டார் ஐந்நூறு பேரை அழைத்தால் நாம் ஆயிரம் பேரை அழைக்க வேண்டும். அவர்கள் மேடை பூவால் ஆனதென்றால் நம்முடையது பளிங்குபோல் ஒளிர வேண்டும். வங்கிக் கடனும், அது போதாதபோது வட்டி முதலையிடம் வாங்கிய கடனும் மணமக்களோடு சேர்ந்து வீட்டுக்குள் அடியெடுத்து வைக்கின்றன. என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் தம் முதற்குழந்தைக்குப் பெயர்சூட்டிய நாளிலும் திருமணக் கடனின் தவணையைக் கட்டிக்கொண்டிருந்தார். 'ஐயா, ஒரு நாள் விருந்தை ஏழு ஆண்டுகளாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தந்தை பெரியார் 1929இல் மலாயாவுக்கு வந்தார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. எளிய திருமணம் என்னும் கருத்து அக்காலத்தில் நம் முன்னோரிடையே ஊக்கத்தோடு பரவியது. அவர்கள் எதிர்த்த வீண்செலவு சடங்கின் பெயரால் வந்தது; இன்றைய வீண்செலவு நிழற்படத்தின் பெயரால் வருகிறது. 1982 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த 1976ஆம் ஆண்டுத் திருமண மணவிலக்குச் சட்டத்தின்படி, முஸ்லிம் அல்லாத மலேசியர் இருவர் மணம் புரியப் பதிவாளரும் இரண்டு சாட்சிகளும் போதும். சட்டம் கேட்பது இரண்டு சாட்சிகளை. நாமோ ஆயிரம் பேரை அழைத்து, அவர்களுள் ஒருவரையும் சான்றாக்காமல் அனுப்பிவிடுகிறோம்.

இல்லப்பணியின் மதிப்பு

மணவிழா ஒரு நாள் செய்தி. அதன்பின் வரும் பல்லாயிரம் நாள்களில் நடப்பது இல்லப்பணி. வாணிகத்தைக் குறைகூறும் நாம் இங்கே நம்மையும் நோக்கிக்கொள்ள வேண்டும்.

என் தாயார் விடியற்காலை நான்கு மணிக்கு எழுவார். சமைத்து வைத்துவிட்டுத் தம்பியை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவார். மரம் சீவி, பால் எடுத்து, வாளிகளைச் சுமந்துபோய்க் கொடுத்துவிட்டு, வீடு திரும்பியதும் விறகும் துணியும் அடுப்பும் அவருக்காகக் காத்திருக்கும். தந்தையாரும் அதே வெயிலில் அதே மரங்களைச் சீவியவர்தாம். ஆனால் மாலையில் அவர் திண்ணையில் அமர்ந்து நாளிதழ் படிப்பார். தோட்டக் கூலியிலும் அன்றைக்கு முன்பே ஒரு வேற்றுமை இருந்தது. 1920களின் பிற்பகுதியில் மலாயாவின் முதன்மையான தோட்டப் பகுதிகளில் வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. வெளியில் செய்த வேலைக்குக் குறைந்த கூலியாவது இருந்தது. வீட்டில் செய்ததற்கு அதுவும் இல்லை. அதற்கு வேலை என்ற பெயரும் இல்லை.

பொருளியல் என்பதற்கு மேலைநாட்டார் வழங்கும் சொல், இல்லத்தை நிருவகித்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. எனினும் அவ்வியல் வளர்ந்தபோது இல்லத்தையே மறந்தது. பிகூ என்னும் ஆங்கிலப் பொருளியல் அறிஞர் 1920இல் வெளியிட்ட நூலில் ஒரு விந்தையைச் சுட்டினார். ஒருவர் தம் வீட்டுச் சமையற்காரியையே மணந்துகொண்டால் நாட்டின் வருமானக் கணக்குக் குறைந்துவிடும் என்றார் அவர். அதே அடுப்பு, அதே சோறு, அதே கை. சம்பளம் நின்றுபோனதால் அவ்வுழைப்பு கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது.

இவ்விந்தை எங்கள் பள்ளி அலுவலகத்திலும் ஆண்டுதோறும் நிகழ்கிறது. மாணவர் விவரப் படிவத்தில் தாயின் தொழில் என்னும் இடத்தில், 'வேலை இல்லை' என்று பிள்ளைகள் எழுதி வருகிறார்கள். ஒரு சிறுமியிடம் அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டேன். "சும்மா இருக்காங்க சார்" என்றாள். அவளுக்குப் பின்னால் மூன்று தம்பி தங்கையர். அவளுடைய தலைப்பின்னல் அன்று காலை எவ்வளவு நேர்த்தியாகப் பின்னப்பட்டிருந்தது என்பதை நான் இன்னும் மறக்கவில்லை.

கணக்கு எனக்குக் கற்பித்தது

பிறரைச் சுட்டும் விரல் என்னையும் சுட்ட வேண்டும். என் துணைவியாரும் ஓர் ஆசிரியையே. இருவரும் ஒரே நேரத்தில் பள்ளி முடிந்து வீடு திரும்புவோம். நான் நாற்காலியில் அமர்வேன். அவர் அடுக்களைக்குள் போவார். மகளிர் நாள் மலருக்குப் பெண்ணின் பெருமை பற்றி நான் கட்டுரை எழுதியதுண்டு. எழுதும்போது தேநீர் மேசைக்கு வந்தது. அந்த முரண்பாடு அன்று என் கண்ணில் படவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அவர் வழுக்கி விழுந்து காலெலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கையில் இருந்தார். சமையலுக்கு ஒருவர், வீடு துப்புரவுக்கு ஒருவர், துணிக்கு டோபிக் கடை என ஏற்பாடு செய்தேன். பழக்கத்தால் செலவைக் குறித்து வைத்தேன். முதல் மாத முடிவில் கூட்டிப் பார்த்தபோது என் சம்பளத்தின் பெரும்பகுதியை அது விழுங்கியிருந்தது. அந்தத் தாளைத் துணைவியாரிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "ஒரு மாதத்துக்குத்தானே எழுதியிருக்கிறீர்கள்? இருபத்தைந்து ஆண்டுக்கும் சேர்த்து எழுதுங்கள்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அந்த மூன்று மாதங்களில் வேறொன்றையும் அறிந்தேன். காசு கொடுத்துச் சமையல் கிடைத்தது. ஆனால் என் வயது முதிர்ந்த தாயாருக்கு எது செரிக்காது, எந்த மாத்திரைக்குமுன் எதை உண்ண வேண்டும், மகன் எந்த நாளில் பேசாமல் உண்டால் தேர்வில் தவறிவிட்டான் என்று பொருள் என்னும் அறிவு எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. அதைத் துணைவியார் படுக்கையிலிருந்தே எனக்குக் கற்பித்தார். கைவேலைக்கு ஆள் வைக்கலாம். கவனத்துக்கு ஆள் வைக்க முடியாது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

ஆக, விலைச்சீட்டு எனக்கு ஒரு நன்மையும் செய்தது. அன்பு என்னும் போர்வையால் நான் மூடி வைத்திருந்த உழைப்பை அது வெளிக்காட்டியது. கணக்குப் பார்க்காத குடும்பம் உயர்ந்தது என்கிறோம். இருவரும் கணக்குப் பாராதிருந்தால் அது உண்மை. ஒருவர் கொடுத்துக்கொண்டே இருக்க, மற்றவர் பெற்றுக்கொண்டே இருந்தால், கணக்குப் பாராமை என்பது பெறுபவருக்கு வாய்ப்பான ஓர் ஏற்பாடாகிவிடுகிறது. தீராத கணக்கு வேண்டும். அறியாத கணக்கு ஆகாது.

சட்டமும் மெல்ல மெல்ல இவ்வுண்மையை ஏற்று வருகிறது. மேலே குறித்த 1976ஆம் ஆண்டுச் சட்டம், மணவிலக்கின்போது சொத்தைப் பிரிக்கையில் வீட்டையும் குடும்பத்தையும் பேணியவரின் பங்கையும் நீதிமன்றம் கருத வேண்டும் என்கிறது. 2022 டிசம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்த இல்லத்தரசியர் சமூகப் பாதுகாப்புச் சட்டம், ஆண்டுக்கு 120 வெள்ளி சந்தாவில் வீட்டு வேலையின்போது நேரும் விபத்துக்குச் சொக்சோ பாதுகாப்பை அளிக்கிறது. அடுப்படியில் தீப்புண் பட்டவளும் வேலையிடத்தில் காயமுற்றவளே என்பதை நாடு ஒப்புக்கொண்டதற்கு இது அடையாளம்.

பணிப்பெண்

இல்லப்பணியை விலைக்கு வாங்கும் வசதி படைத்தோர் இன்னொன்றையும் எண்ண வேண்டும். நம் வீட்டுச் சுமை குறையும்போது அது மறைந்துபோவதில்லை. வேறொருத்தியின் தோளுக்கு மாறுகிறது. அவள் பெரும்பாலும் இந்தோனேசியாவிலோ பிலிப்பீன்ஸிலோ தன் பிள்ளையை விட்டு வந்தவள். பணிப்பெண்கள் கொடுமைக்குள்ளான நிகழ்ச்சிகளால் 2009 ஜூனில் இந்தோனேசியா மலேசியாவுக்குப் பணிப்பெண்களை அனுப்புவதை நிறுத்தியது. 2011 டிசம்பரில்தான் மீண்டும் இசைந்தது. சிங்கப்பூரில் 2013 ஜனவரி முதல் வாரம் ஒரு நாள் ஓய்வு சட்டப்படி உறுதியாயிற்று. மலேசிய வேலைச் சட்டத்தில் 'வீட்டு வேலைக்காரர்' என்றிருந்த சொல் 2023 ஜனவரி முதல் 'வீட்டுப் பணியாளர்' என மாறியது. ஒரு சொல் மாறியதால் என்ன என்று சிலர் கேட்கலாம். சொற்களைக் கற்பிப்பவர்களாகிய நாம் அவ்வாறு கேட்கலாகாது.

நம் பாட்டிமார் கடல் கடந்து வந்து பிறருடைய மரங்களுக்காகத் தம் குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றவர்கள். அந்நினைவு உள்ள சமுதாயம் தன் வீட்டுப் பணிப்பெண்ணை எவ்வாறு நடத்துகிறது என்பதே அதன் பண்பாட்டுக்குச் சோதனை. நம் பிள்ளையைத் தூக்கும் கைகள் தம் பிள்ளையைத் தூக்கி எத்தனை ஆண்டுகள் ஆயின என்று ஒரு முறையேனும் கேட்டறிய வேண்டாமா?

எதனை விடலாம்?

இதுகாறும் கூறியவற்றால் இரண்டு அளவுகோல்கள் கிடைக்கின்றன. ஒரு பணியை விலைக்கு விடுமுன், அதனால் யாருடைய சுமை குறைகிறது, யாருடைய சுமை கூடுகிறது என்று கேட்க வேண்டும். அடுத்து, பணம் கொடுத்து முடிக்கக்கூடாத கணக்கு ஒன்றை நாம் முடித்துவிடுகிறோமா என்றும் கேட்க வேண்டும்.

இவ்வளவுகோல்களால் அளந்தால் பல ஐயங்கள் தீரும். திருமணத்துக்குச் சமையற்காரரை அமர்த்துவதில் குற்றமில்லை. முதுகொடிய உழைத்த பெண்களுக்கு அது ஓய்வு. ஆனால் மணமகளுக்குப் பூச்சூட்டவும் வந்தவரை வாசலில் வரவேற்கவும் உறவினர் இருக்க வேண்டும். அந்தக் கைகளே நாளை உதவிக்கு வரும் கைகள். களைத்த நாளில் உணவகத்துச் சோறு வரலாம். அதை அனைவரும் கூடி அமர்ந்து உண்ண வேண்டும். நோயுற்ற தந்தையைக் குளிப்பாட்ட ஆள் வைக்கலாம். அவர் அருகில் அமர்ந்து பேசும் மாலைப்பொழுதுக்கு ஆள் வைக்கலாகாது. வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்க இயலாது என்பதே இதன் சாரம்.

திருக்குறளின் ஆறாம் அதிகாரத்துக்கு வாழ்க்கைத் துணைநலம் என்று பெயர். மனைவியின் நலம் அங்கே பேசப்படுகிறது. துணை என்னும் சொல்லோ ஒரு பாலுக்கு உரியதன்று. கணவனும் துணையாதல் வேண்டும் என்று விரித்துப் பொருள் கொள்வது இக்காலத்தில் நம் கடமை.

பள்ளியின் பங்கு

பள்ளியில் வகுப்பறையைப் பெருக்கும் முறைப்பட்டியலில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஒன்றாகவே இருக்கிறார்கள். ஒருமுறை ஒரு தாய் என்னிடம் வந்து, தம் மகனைத் துடைப்பம் எடுக்க வைத்ததற்காக வருத்தப்பட்டார். "வீட்டில் ஒரு தம்ளரைக்கூட நான் அவனை எடுக்கவிட்டதில்லை, ஐயா" என்றார். அதில் பெருமையும் அன்பும் கலந்திருந்தன. நான் அவருக்கு நாற்காலி கொடுத்து, "அம்மா, நாளைக்கு உங்களுக்கு மருமகள் வருவாள். அவள் இந்தப் பட்டியலுக்காக நமக்கு நன்றி சொல்வாள்" என்றேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்து, பிறகு சிரித்துவிட்டார்.

கட்டுரைப் பாடத்தில் 'என் தாயின் ஒரு நாள்' என்னும் தலைப்பை நான் இப்போது மணிக்கணக்கோடு எழுதச் சொல்கிறேன். காலை ஐந்து மணிக்கு என்ன செய்கிறார், ஆறு மணிக்கு என்ன செய்கிறார் எனப் பார்த்து எழுத வேண்டும். எழுதி முடித்த பிள்ளைகளுள் பலர் படிவத்தில் 'வேலை இல்லை' என்று மீண்டும் எழுதுவதில்லை. இத்தகைய சிறு பயிற்சிகளை ஆசிரியப் பெருமக்கள் தத்தம் பள்ளியில் செய்து பார்க்கலாம்.

வாணிகத்தை நாம் தடுத்து நிறுத்த இயலாது. அது நம் வீட்டுக்குள் வந்து எல்லாவற்றுக்கும் விலை சொல்லும். சொல்லட்டும், அவ்விலையைக் கேட்டு, இதுநாள்வரை விலையின்றி உழைத்தவர்களை நாம் அறிந்துகொள்வோம். அறிந்தபின், அக்கடனைப் பணத்தால் தீர்க்க முற்படாமல், மொய்ப் புத்தகத்து மரபுப்படி ஒன்று கூட்டித் திருப்புவோம். இப்போதெல்லாம் மாலைத் தேநீரை எங்கள் வீட்டில் நான் போடுகிறேன். அதில் சர்க்கரை சற்று மிகுந்துவிடுவதாக ஒரு குறை இன்றும் உண்டு.